கட்டியக்காரன் நிற்கும் இடம்: பாலியல் வன்முறையும் டார்க் காமெடியும்



பாலியல் வன்முறையை டார்க் காமெடி படங்கள் பொறுப்புடன் காட்ட முடியுமா என்பதுதான் இந்த ஆண்டு நினைவுப் பேருரைக்கு எனக்குத் தரப்பட்ட கேள்வி. கேட்டவுடன் நம் ஆட்களில் பாதிப்பேர் ‘கூடவே கூடாது’ என்பார்கள். சினிமா ஆர்வமுள்ள மாணவர்கள் ‘கலைக்கு எல்லை கிடையாது’ என்பார்கள். இரண்டு பதிலுமே எனக்குப் போதவில்லை. சிரிப்புக்கும் பாலியல் வன்முறைக்கும் உள்ள உறவு சினிமாவைவிட மூத்தது. சினிமா வந்த பிறகும் அது திரையரங்கோடு நின்றுவிடவில்லை. நீதிமன்றத்தில், பஞ்சாயத்தில், காவல்நிலையத்தில், நம் தெருவில் எல்லாம் அது நடந்திருக்கிறது. அந்த வரலாற்றைத் தொடாமல் படத்தை மட்டும் பேசினால் ‘பிடித்தது, பிடிக்கவில்லை’ என்பதைத் தாண்டிப் போக முடியாது.

சிரிப்பு என்று பேச்செடுத்தாலே நம்மீது சொல்ல ஒரு குற்றச்சாட்டு தயாராக இருக்கிறது: தலித்துகளுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது. 2012இல் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் இருந்த கேலிச்சித்திரம் பற்றிய சர்ச்சை உங்களுக்கு நினைவிருக்கும். 1949இல் சங்கர் வரைந்தது. அரசியலமைப்பு என்ற நத்தையின்மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருப்பார், பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். தொல். திருமாவளவன் அதை மக்களவையில் எழுப்பியபோது, படித்த வர்க்கத்தில் ஒரு பகுதி நம்மைச் சகிப்புத்தன்மை இல்லாதவர்கள் என்றது. சங்கரின் நோக்கம் என்ன என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. சாட்டை சிலருக்கு உருவகம், சிலருக்கு முதுகில் வாங்கிய பொருள். இந்த வித்தியாசத்தைச் சொன்னதற்குத்தான் நமக்குச் சிரிக்கத் தெரியாது என்ற பட்டம் கிடைத்தது. இன்றைய தலைப்பிலும் அதே வித்தியாசம்தான் இருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். ‘கற்பழிப்பு’ என்று நம் நாளிதழ்கள் எழுதிய காலம் மிக நீண்டது. அந்தச் சொல்லின்படி நடப்பது ஒரு பெண்ணின் உடல்மீதும் விருப்பத்தின்மீதும் நடக்கும் வன்முறை அல்ல. அவளிடம் இருந்த ஏதோ ஒரு சொத்து அழிகிறது, அவ்வளவுதான். பாலியல் வன்கொடுமை, வன்புணர்வு என்ற சொற்கள் தாமாக வந்துவிடவில்லை. பெண்ணிய இயக்கங்கள் திரும்பத் திரும்ப வற்புறுத்தி அவற்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தன. பழைய சொல்லில் நமக்கென்று தனியாக இன்னொரு கொடுமையும் இருந்தது. யாருக்குக் கற்பு உண்டு என்பதைச் சாதி முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்தது. ஊர்ப் பெண்ணுக்கு இருப்பதாகவும் சேரிப் பெண்ணுக்கு இல்லாததாகவும் சொல்லப்பட்ட ஒன்றை, சேரிப் பெண்ணிடமிருந்து எப்படி அழிக்க முடியும்? இது குரூரமான ஜோக். எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இதை எழுதவில்லை. நீதிமன்றங்கள் எழுதின.

1972இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், காவல்நிலையத்துக்குள் இரண்டு காவலர்களால் சிதைக்கப்பட்ட ஆதிவாசிச் சிறுமியின் வழக்கை மதுரா வழக்கு என்கிறோம். அமர்வு நீதிமன்றம் அவளைப் பொய்க்காரி என்றது. பாலுறவு ஏற்கெனவே பழகியவள் என்றது. உயர்நீதிமன்றம் தண்டித்த காவலர்களை உச்சநீதிமன்றம் விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை, ஆகவே சம்மதம் இருந்திருக்கும் என்று தர்க்கம் ஓடியது. நள்ளிரவு, காவல்நிலையம், சீருடை போட்ட இரண்டு ஆண்கள், வெளியே நிறுத்தப்பட்ட உறவினர்கள். அந்தப் பெண் யாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்? காவலரையா? உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் உச்சநீதிமன்றத்துக்குத் திறந்த மடல் எழுதினார்கள். போராட்டங்கள் நடந்தன. அதன் விளைவாக 1983இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்புணர்வு தனிக் குற்றமாயிற்று. அத்தகைய வழக்கில் சம்மதம் இல்லை என்று அவள் சொன்னால் நீதிமன்றம் அதையே அனுமானமாகக் கொள்ள வேண்டும் என்றும் ஆயிற்று.

அடுத்தது பன்வாரி தேவி. ராஜஸ்தானின் பதேரி கிராமம், 1992. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பணியாளர், குயவர் சாதிப் பெண். அவரைத் தாக்கியவர்கள் ஆதிக்கச் சாதியினர். 1995இல் கீழமை நீதிமன்றம் குற்றவாளிகளை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, மேல்சாதி ஆண் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டுத் தன்னைத் தீட்டாக்கிக்கொள்ள மாட்டான் என்ற பொருளில் அமைந்திருந்தது. நம்மைக் கோயிலுக்குள் விடாததற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட அதே தீட்டு இங்கே ஆதிக்கச் சாதி ஆணுக்கு நற்சான்றிதழாகிவிட்டது. இந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. பணியிடத்தில் பெண்களுக்குப் பாதுகாப்பு வழிமுறைகள் கிடைத்தன. பன்வாரி தேவிக்கு நீதி கிடைக்கவில்லை. இதைவிடக் கறுப்பான நகைச்சுவை எனக்குத் தெரியாது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1994இல் வெளிவந்த ‘நாட்டாமை’ நகைச்சுவைப் படம் அல்ல. ஊர் நீதியைக் கண்ணீரோடு கொண்டாடிய படம். அதில் ஏழைப் பெண்ணை வன்புணர்ந்தவனுக்கு ஊர்ப் பெரியவர் வழங்கும் தீர்ப்பு, அவளையே கட்டிக்கொள் என்பது. தியாகமும் நேர்மையும் நிறைந்த தீர்ப்பாக அது காட்டப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு அவனோடு வாழச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை, அரங்கில் இருந்த நாமும் கேட்கவில்லை. பின்னாளில் அந்தப் படத்தின் பஞ்சாயத்துக் காட்சிகள் தொலைக்காட்சி நையாண்டிக்கும் மீம்களுக்கும் தீனியாயின. சொம்பைக் கேலி செய்தோம், ஆலமரத்தைக் கேலி செய்தோம், மீசையைக் கேலி செய்தோம். தீர்ப்பின் உள்ளடக்கத்தை மட்டும் யாரும் கேலி செய்ததாக நான் பார்க்கவில்லை. இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 2015 ஜூனில், கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றில் சென்னை உயர்நீதிமன்றம் வன்புணர்வுக் குற்றவாளிக்கு ஜாமீன் கொடுத்தது. எதற்கு? பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச. அவள் மறுத்தாள். எதிர்ப்பு எழுந்தது. வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம் இத்தகைய சமரசங்களைக் கடுமையாகக் கண்டித்தது. அதற்குப் பிறகுதான் ஜூலையில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆலமரம் உயர்நீதிமன்றம் வரைக்கும் வேர் விட்டிருந்தது.

இதையெல்லாம் ஏன் அடுக்குகிறேன் என்றால், ‘பாலியல் வன்முறையோடு நகைச்சுவை சேரலாமா’ என்ற கேள்வி ஏற்கெனவே காலம் கடந்தது. அது எப்போதோ சேர்ந்துவிட்டது. இதுவரை அந்த ஜோக்கைச் சொன்னவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள். நாம் கேட்க வேண்டியது, அதை அவர்கள் கையிலிருந்து பிடுங்க முடியுமா என்பது.

பிடுங்கியிருக்கிறார்கள். சினிமாக்காரர்கள் அல்ல, நம் பெண்கள். பாமாவின் ‘சங்கதி’ 1994இல் வந்தது, அதாவது ‘நாட்டாமை’ வந்த அதே ஆண்டு. இரண்டிலும் ஒரு பஞ்சாயத்து உண்டு. ‘சங்கதி’யில் மாரியம்மா விறகு பொறுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் பம்புசெட்டுப் பக்கம் போகிறாள். நிலக்காரர் அவளை உள்ளே இழுக்கிறார். அவள் தப்பி ஓடிவிடுகிறாள். அவர் முந்திக்கொண்டு ஊருக்குள் வந்து, மாரியம்மாவும் மாணிக்கம் என்ற பையனும் தோட்டத்தில் தப்பாக இருந்ததாகச் சொல்லிவிடுகிறார். பஞ்சாயத்து கூடுகிறது. இது ஆதிக்கச் சாதியின் பஞ்சாயத்து அல்ல, நம் தெருவின் பஞ்சாயத்து. நிலக்காரர் சொன்னதை நம் ஆண்கள் நம்புகிறார்கள். இரண்டு பேருக்கும் அபராதம், அதிலும் அவனைவிட அவளுக்குக் கூடுதல். பெண்கள் ஓரமாக நின்று முணுமுணுக்கிறார்கள், அதட்டி அடக்கப்படுகிறார்கள். அவர்களுடைய முணுமுணுப்பில், வசவில், பாட்டியின் கதையில், வேலைக் காட்டில் பேசும் பச்சையான கிண்டலில் அந்தத் தீர்ப்பு கிழிந்து தொங்குகிறது. வாசிக்கும்போது சிரிப்பு வரும். மாரியம்மாவைப் பார்த்து அல்ல. நிலக்காரரின் ‘கௌரவ’த்தைப் பார்த்து வரும், அதை நம்பிய நம் ஆண்களின் முட்டாள்தனத்தைப் பார்த்து வரும். தலித் ஆண்களும் சங்கடப்பட்டுத்தான் அந்தப் புத்தகத்தை வாசித்தார்கள். சங்கடப்படத்தான் வேண்டும்.

நம் நிகழ்கலையிலும் இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறது. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து கட்டுவார்கள். சூது, துகில் நடக்கும் இரவு ஊரே விழித்திருக்கும். நிறைந்த சபையில் ஒரு பெண்ணின் சேலையைப் பிடித்து இழுப்பதுதான் கதை. பாலியல் வன்முறை என்பதைத் தவிர வேறு பெயர் அதற்கு இல்லை. ஆனால் மேடையில் கட்டியக்காரன் இருக்கிறான். மற்ற இடங்களில் பெண் வேடத்தைப் பார்த்துக் கொச்சையாகப் பேசத் தயங்காதவன்தான். அவனை நான் புனிதப்படுத்தவில்லை. ஆனால் நான் பார்த்த கூத்துகளில், துகில் கட்டம் நெருங்க நெருங்க அவன் வாய் துரியோதனன் பக்கமும், பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பக்கமும் திரும்பிவிடும். சில குழுக்களில் துச்சாதனன் வேடக்காரர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் காட்டிக் கும்பிடுவார். நான் தொடுவது நாடகத்துக்காக, உன்னை அல்ல என்பதற்கான அறிவிப்பு அது. சினிமாவில் இன்று ‘இன்டிமசி கோஆர்டினேட்டர்’ என்கிறார்களே, அதன் கிராமத்து வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அவமானப்பட்ட பெண்ணைத் தெய்வமாக்கிய அதே கோயில்களில் எத்தனை கோயில்களுக்குள் நம் பெண்கள் நுழைய முடிகிறது? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023இல் சீல் வைத்தார்களே, எதற்காக? தலித்துகள் உள்ளே போகக் கூடாது என்று ஒரு தரப்பு நின்றதற்காக. திரௌபதிக்காக அழத் தெரிந்த ஊருக்கு நம் தெருவில் இருப்பவளும் பெண் என்று தெரியவில்லை. ஆகவே கூத்து எல்லாவற்றுக்கும் விடை அல்ல. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: கேலிக்காரன் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் திரும்பிப் பேசுகிறான்.

இதே துகிலுரிதல்தான் இந்தியாவின் புகழ்பெற்ற டார்க் காமெடி ஒன்றின் உச்சக்காட்சி. குந்தன் ஷாவின் ‘ஜானே பி தோ யாரோ’, 1983. சட்டத் திருத்தம் வந்த அதே ஆண்டு. ஊழல் கமிஷனர் ஒருவரின் பிணத்துக்குச் சேலை கட்டித் திரௌபதியாக மேடையேற்றிவிடுவார்கள். யார் உரிவது, யார் காப்பது என்று பாண்டவர், கௌரவர், ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். விழுந்து விழுந்து சிரிக்கலாம், நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்க முடிந்ததன் காரணம் எளியது: சேலைக்குள் பெண் இல்லை. இருந்தது அதிகாரத்தின் பிணம். அந்தப் படம் கேள்வியைத் தீர்க்கவில்லை, சாமர்த்தியமாகத் தாண்டிப் போயிற்று. சேலைக்குள் உயிருள்ள ஒருத்தி இருந்தால் என்ன செய்வது என்பதை அடுத்து வந்தவர்கள் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

தமிழில் அதை நேராக எதிர்கொண்டவர் என்று தியாகராஜன் குமாரராஜாவைச் சொல்லலாம். 2011இல் ‘ஆரண்ய காண்டம்’. கிழட்டுத் தாதா சிங்கப்பெருமாள், அவன் அடைத்து வைத்திருக்கும் சுப்பு. அவனுக்கு உடம்பு ஒத்துழைக்காது, அந்த ஆத்திரம் அவள் கன்னத்தில் அறையாக விழும். இயலாமையைக் கண்டு அரங்கம் சிரிக்கும், அறை விழுந்ததும் சிரிப்பு நின்றுவிடும். இறுதியில் ஆண்கள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருக்க, பணத்தோடு வெளியேறுபவள் சுப்பு. அப்பாவி என்று நாமும் இரக்கப்பட்ட சப்பையையும் அவள் விட்டுவைப்பதில்லை. எனக்கு இந்தப் படம் பிடிக்கும். அவள் வதைபடுவது படத்தின் உச்சம் அல்ல, படத்தின் தொடக்கம். மீதி நேரம் முழுக்க அவள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது கடைசியில்தான் நமக்குத் தெரியவரும்.

‘சூப்பர் டீலக்ஸ்’ வேறு வகை. அதில்தான் நான் கொஞ்சம் அதிகம் நிற்க வேண்டும். அது 2019 மார்ச் 29 அன்று வந்தது. அந்த மாதம் தமிழ்நாடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பொள்ளாச்சி வீடியோவில் ஒலித்த பெண் குரல் ஊரெங்கும் அலைபேசிகளில் கேட்டுக்கொண்டிருந்தது. புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியிட்டிருந்தார். (அந்த வழக்கில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள்தண்டனை கிடைக்க 2025 மே மாதம் ஆயிற்று.) அந்தக் குரலைக் காதில் வைத்துக்கொண்டுதான் மக்கள் திரையரங்குக்குப் போனார்கள். திரையில் சப் இன்ஸ்பெக்டர் பெர்லின். திருநங்கையாகி மகனைப் பார்க்க வந்த ஷில்பாவைக் காவல்நிலையத்தில் வைத்துப் பாலியல் வதை செய்கிறான். பிணம் ஒன்றை மறைக்கத் தவிக்கும் தம்பதியை மிரட்டி, கணவனை அருகில் வைத்துக்கொண்டே மனைவியைக் கேட்கிறான். பகவதி பெருமாள் அந்தப் பாத்திரத்தை நெளிவும் வழிசலுமாகச் செய்திருந்தார். பெர்லினைப் பார்த்தால் அருவருப்பு வரும், கூடவே சிரிப்பும் வரும்.

காவல்நிலையத்தில் ஒரு திருநங்கைக்கு நடப்பது கற்பனை அல்ல. 2006இல் சென்னையில் திருட்டுச் சந்தேகத்தில் அழைத்துச் செல்லப்பட்டுக் காவல்நிலையத்தில் பாலியல் கொடுமைக்குள்ளான ஒருவர் தீக்குளித்து இறந்தார். அவருடைய சகோதரி தொடர்ந்த வழக்கில் 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்த வரலாற்றைத் தமிழ் வணிக சினிமா அதுவரை தொட்டதில்லை. திருநங்கை என்றாலே கைதட்டலும் கேலிப் பாட்டும் என்றிருந்த சினிமாவில், வதைப்பவனைக் கேலிப்பொருளாக்கியது பெரிய மாற்றம். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஷில்பாவுக்கு அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? அவர் வீடு திரும்புகிறார், மனைவியும் மகனும் ஏற்றுக்கொள்கிறார்கள். காவல்நிலையத்தில் நடந்தது அவருடைய வாழ்வில் ஒரு சுவடும் விடுவதில்லை. பெர்லின் எவ்வளவு கேவலமானவன் என்று நமக்குக் காட்ட அந்த உடல் தேவைப்பட்டது, காட்டியாயிற்று, கதை நகர்ந்துவிட்டது. குழந்தைகளைப் பிச்சை எடுக்கும் கூட்டத்துக்குக் கொடுத்ததாக அவரே ஒப்புக்கொள்ளும் பகுதியும் உண்டு. திருநங்கைகளைப் பற்றிப் பொதுப்புத்தி பரப்பும் பழியை அப்படியே அவர் வாயாலேயே சொல்லவைத்த இடம் அது. திருநர் செயற்பாட்டாளர்கள் பலர் அதைக் கண்டித்தார்கள். கண்டித்தது சரி. அந்தப் பாத்திரத்துக்கு விஜய் சேதுபதி தேசிய விருது பெற்றார். ஒரு திருநங்கை நடித்திருந்தால் அந்தப் பகுதிக்கு ‘இப்படிப் பேச மாட்டேன்’ என்று படப்பிடிப்பிலேயே சொல்லியிருப்பாரோ என்று எனக்குத் தோன்றும்.

பெர்லினின் சாவு பற்றியும் சொல்ல வேண்டும். சட்டம் அவனைத் தொடுவதில்லை. மேலேயிருந்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்து தலையில் விழுகிறது, செத்துப்போகிறான். அபத்தம்தான். ஆனால் இதை எமரால்ட் ஃபென்னலின் ‘ப்ராமிசிங் யங் வுமன்’ படத்தின் முடிவோடு வைத்துப் பாருங்கள். 2020இல் வந்து, திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கிய படம் அது. பல விதங்களில் இந்த வகைப் படங்களில் மிகக் கவனமானது. வன்முறைக்கு ஆளான தோழி நீனாவைப் படம் நமக்குக் காட்டவே காட்டாது. அந்த வீடியோவின் ஒலியை மட்டும் கேட்போம். ‘நல்ல பையன்’ வேடங்களில் பழகிய நடிகர்களையே அந்த ஆண்களாக நடிக்கவைத்து, ‘நான் நல்லவன்’ என்ற சொல்லையே ஜோக்காக்கியிருப்பார். எல்லாம் சரி. கடைசியில் கல்யாண வீட்டுக்குப் போலீஸ் வந்து குற்றவாளியைக் கைது செய்யும், நாம் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டும். எனக்கு மூச்சு வரவில்லை. வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று 18 பெண்களைச் சிதைத்தவர்கள் யார்? சீருடையில் வந்த வனத்துறையினர். உடன் வந்தவர்கள் காவல்துறையினரும் வருவாய்த் துறையினரும். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்துப்போன பிறகு, மிச்சம் 215 பேருக்கும் தண்டனை வர 2011 ஆயிற்று. அதை உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய 2023 ஆயிற்று. போலீஸ் வண்டியின் சைரன் கேட்டால் நிம்மதி வரும் என்று நம்பும் பார்வையாளர் நம் ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறார்? அந்த வகையில் தலையில் விழும் டிவி பெட்டி எனக்கு நேர்மையாகப் படுகிறது. அதே நேரம் அது எல்லோரையும் விடுவித்தும் விடுகிறது. பெர்லினுக்கு மேலதிகாரி இல்லையா? நிலைய எழுத்தர் இல்லையா? கதவுக்கு வெளியே காவல் நின்றவர் இல்லையா? ஒரு விபத்தில் நிறுவனம் முழுவதும் கணக்கிலிருந்து நழுவிவிட்டது.

சீரியஸான படம் என்றால் பொறுப்பான படம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கும் உத்தரவாதம் இல்லை. ‘பேண்டிட் குயின்’ 1994இல் வந்தபோது உயிரோடிருந்த பூலன் தேவியே அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். தன் வதையை ஊர் பார்க்கத் தன்னிடம் அனுமதி கேட்கவில்லை என்பது அவர் தரப்பு. ‘விடுதலை’ முதல் பாகத்தில் பெண்களை நிர்வாணமாக்கி வதைக்கும் காட்சி எவ்வளவு நேரம் ஓடுகிறது? நோக்கம் நல்லது, தெரியும். ஆனால் நம் பெண்களின் உடல் திரையில் தோன்றுவதற்கு வதைபடுவது ஒன்றே நுழைவுச்சீட்டு என்று ஆகிவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அழவைக்கும் படமும் அவளை சாட்சிப் பொருளாக்கலாம், சிரிக்கவைக்கும் படம் அவளை ஆளாக விடலாம்.

தமிழின் டார்க் காமெடி படங்களிடம் எனக்கு ஒரு பெரிய புகார் உண்டு. தாதா இருப்பான், போலீஸ் இருப்பான், வேற்றுக்கிரகவாசிகூட ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் வருவார். சாதி மட்டும் இருக்காது. யார் யாரைத் தொட்டுவிட்டுத் தப்பிக்க முடியும் என்பதைச் சாதி தீர்மானிக்கும் ஒரு சமூகத்தில், சாதியே இல்லாத ஒரு நகரத்தில் கதையை வைத்துக்கொண்டால் வன்முறை தனிமனித வக்கிரமாகச் சுருங்கிவிடும். வக்கிரக்காரனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. பன்வாரி தேவி வழக்கின் தீர்ப்பைப் பார்த்துச் சிரிக்கவைப்பதுதான் கடினம், அதற்குத்தான் இந்த வகைமை தேவை.

மாரியம்மாவின் கதையை நாளைக்கு நம் மாணவிகளில் ஒருத்தி படமாக்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பம்புசெட்டு அறைக்குள் கேமரா போகவே வேண்டாம். அவள் விறகுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடுவது போதும். பிறகு படம் முழுக்கப் பஞ்சாயத்து. நிலக்காரர் தன் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். நம் பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள். அபராதம் அவளுக்கு ஏன் கூடுதல் என்று ஒருவர் கணக்குப் போட்டு விளக்குகிறார். பின்னால் பெண்கள் கூட்டத்தில் ஒரு கிழவி எதையோ சொல்ல, சுற்றி நிற்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்கள். என்ன சொன்னாள் என்று முன்வரிசையில் இருக்கும் ஆண்களுக்குக் கேட்கவில்லை. கேமரா கிழவிக்குப் பக்கத்தில் இருக்கிறது.